அத்தியாயம் 6: பெண் கடல் பக்கம் இரண்டு நாள்

மதுரையிலோ திருச்சியிலோ குடியிருக்கும் இளம் தம்பதி சின்னப் பிள்ளைகளோடு முதல்முறை ராமேஸ்வரம் கிளம்பும்போது, கையில் ஒரு பட்டியல் இருக்கும். 22 தீர்த்தம், தனுஷ்கோடி, கலாம் வீடு, பாம்பன் பாலம், கோதண்டராமர் கோயில், ராமர் பாதம். எல்லாவற்றையும் ஒன்றரை நாளில் முடித்தாக வேண்டும். பிள்ளைக்கோ இதில் ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: கடல். அது கிடைப்பது பட்டியலின் இடுக்கில், உச்சி வெயிலில், இருபது நிமிடம். "போதும் வா, நேரமாச்சு" என்ற அதட்டலோடு அதுவும் முடிந்துவிடும்.

அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. எந்தக் கரை, எந்த நேரம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கோயிலும் பாலமும் மிச்ச நேரத்துக்குத் தாமாகவே பொருந்திக்கொள்ளும். இரண்டு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது இது. கைக்குழந்தைக்கான குறிப்பு தனியாக உள்ளது.

## எந்தக் கரை, எந்த மாதம்

ராமேஸ்வரம் பயணத்தில் இரண்டு கடல் கிடைக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கில் இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கில் இருப்பதை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். பெண் கடல் ஆழம் குறைந்தது. பல நாட்களில் குளம்போலக் கிடக்கும். ஆண் கடலில் கரை சட்டென்று சரியும், அலை ஓங்கி அடிக்கும். தனுஷ்கோடிச் சாலையில் வண்டியை நிறுத்தி இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் பெண் கடல் எப்போதும் அமைதியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று மாறினால் குணமும் மாறும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை குடும்பத்தோடு போக மிக நல்ல காலம். காற்று குறைவு, வெயிலும் தாங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். பாக் விரிகுடா பக்கம் அமைதியாக இருக்கும். அக்டோபரில் வாடைக் காற்று தொடங்கியதும் கதை மாறிவிடும். டிசம்பர் வரை மழை, புயல், பாக் விரிகுடாவில் அலை என்று எல்லாம் சேர்ந்து வரும். சின்னப் பிள்ளைகளோடு அந்த மூன்று மாதமும் போகாமல் இருப்பதே சரி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் ஒரு விஷயத்தை அழுத்தமாக நினைவில் வைக்க வேண்டும். அந்த மாதங்களில் பெண் கடல் அமைதியாகத் தெரிவதற்குக் காரணமே, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதுதான். அலையே இல்லாத அந்தத் தண்ணீரில் காற்றடைத்த டியூபில் பிள்ளையை உட்கார வைத்தால், காற்று அதை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டு போகும். ஓசையும் இருக்காது, அலையும் அடிக்காது. அப்பா திரும்பிப் பார்க்கும்போது டியூப் முப்பது அடி தள்ளி மிதக்கும். துரத்தி நீந்துகிறவரைவிட அது வேகமாகப் போகும். கடைவாசலில் தொங்கும் வாத்து மிதவை, முதலை மிதவை எல்லாம் நீச்சல் குளத்துக்கானவை. கடலுக்கு அவை வேண்டவே வேண்டாம்.

## புறப்படும் வாரத்தில்

1. நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய வார இறுதியைத் தவிருங்கள். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் பிதுர் காரியத்துக்கு வரும் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, குழந்தை வண்டி தள்ளவும் வழி இருக்காது.

2. அறையைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கோயில் வீதிகளுக்குள் அறை எடுத்தால் வண்டி நிறுத்துவது பெரும்பாடு. தண்ணீர் வசதி, பால் காய்ச்சக் கெட்டில், பால்கனிக் கம்பிகளின் இடைவெளி ஆகிய மூன்றையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். கம்பி இடைவெளியில் பிள்ளையின் தலை நுழையும் என்றால் அந்த அறை வேண்டாம்.

3. ரயில் என்றால் டிக்கெட் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 5 வயதுக்குக் கீழே, தனி இருக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. 5 முதல் 12 வயதுக்குள் என்றால், படுக்கை கேட்காவிட்டால் அரைக் கட்டணம், கேட்டால் முழுக் கட்டணம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் போக்குவரத்து, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறந்த பிறகு மீண்டும் தொடங்கியது. கடலுக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். பிள்ளைகளுக்கு அது ஒன்றே பாதிப் பயணத்துக்குச் சமம்.

4. வியாழனும் வெள்ளியும் கடல் நிலையைப் பாருங்கள். மழைக்கும் புயலுக்கும் இந்திய வானிலை ஆய்வு மையம். அலைக்கும் கள்ளக்கடலுக்கும் ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அதாவது இன்கோயிஸ். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்தால், அது 1ஆம் எண்ணாக இருந்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அறை வாடகை போனால் போகட்டும்.

5. பிள்ளைக்குச் சளி, காது வலி, வயிற்றுப்போக்கு இருந்தால் அடுத்த வாரம் போகலாம். காதில் சீழ் வடியும் பிள்ளையைக் கடலில் இறக்கவே கூடாது.

நான்காவது படியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. ஐவரும் இறந்தார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. தொலைதூரக் கடலில் கிளம்பும் பேரலைதான் கள்ளக்கடல். உள்ளூரில் காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். கரையில் மட்டும் திடீரென்று தண்ணீர் ஏறி வந்து அடிக்கும். வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அறிவிப்பைப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

## கடல் பை

துணிப்பையிலிருந்து தனியாக ஒரு கடல் பை கட்டுங்கள். கரைக்கு இது மட்டும் வரும். மற்றதெல்லாம் வண்டியிலோ அறையிலோ இருக்கட்டும்.

உள்ளே போக வேண்டியவை: ஆளுக்கு ஒரு லிட்டர் குடிநீர், கால் கழுவத் தனியாக ஐந்து லிட்டர் கேன், ஓஆர்எஸ் பொட்டலங்கள், இரண்டு துண்டு, மாற்றுத் துணி, ஈரத்துணி போட கெட்டியான பிளாஸ்டிக் பை, அகலமான தொப்பி, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி மருந்து, சிறு இடுக்கி, ஒரு பிளாஸ்க் வெந்நீர். வெந்நீர் எதற்கு என்பது பின்னால் வரும்.

பிள்ளைகளின் உடை நிறத்தில் கவனம் வேண்டும். நீலம், வெள்ளை, சாம்பல் நிறச் சட்டை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. பளீர் ஆரஞ்சு, அடர் இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை என்றால் கூட்டத்திலும் தெரியும், தண்ணீரிலும் தெரியும். முழுக்கைச் சட்டையாக இருந்தால் வெயிலுக்கும் பாதுகாப்பு.

குறிப்பு: சாதாரண டயப்பர் கடல் தண்ணீரை உறிஞ்சிக் கல்லாகக் கனத்துவிடும், தொடையிலும் உராயும். நீச்சல் டயப்பர் கிடைக்காவிட்டால் இறுக்கமான ஜட்டி போதும். ஆறு மாதத்துக்குக் கீழுள்ள குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலும் பருத்தித் துணியுமே அதற்குப் பாதுகாப்பு.

லைஃப் ஜாக்கெட் வாங்குவதாக இருந்தால் பிள்ளையின் எடைக்குப் பொருந்துவதாக, தொடைகளுக்கு நடுவே பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே போட்டுவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் மட்டும் காது வரை ஏறினால் அதன் அளவு சரியில்லை. கையில் மாட்டும் காற்றுப் பைகள் பாதுகாப்புக் கருவியே அல்ல.

## சனிக்கிழமை: முதலில் அரியமான்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். பரமக்குடி வரை நான்குவழிச் சாலையில் விரைவாகப் போகலாம். அதன்பிறகு சாலை குறுகும், வேகமும் குறையும்.

1. காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கி வண்டியில் படுக்க வைத்துவிடலாம். வெள்ளி இரவு கிளம்பி நள்ளிரவில் அறை தேடுவது வேண்டாம். மறுநாள் காலைக் கடல் நேரம் தூக்கத்தில் போய்விடும்.

2. ராமநாதபுரத்தில் காலை உணவு. வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். பெட்ரோல், பால், வாழைப்பழம் எல்லாம் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

3. 8 மணிவாக்கில் அரியமான். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே, உச்சிப்புளியைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே திரும்ப வேண்டும். பலகையில் குஷி பீச் என்றும் இருக்கும். பாக் விரிகுடாக் கரை, நீண்ட மணல், பின்னால் சவுக்குத் தோப்பு. சின்னப் பிள்ளைகளுக்குத் தேவையான மூன்றும், அதாவது ஆழமில்லாத தண்ணீர், சுத்தமான மணல், நடக்கும் தூரத்தில் நிழல், ராமேஸ்வரம் நகருக்குள் ஓரிடத்தில் அமைவதில்லை. இங்கே அமைகிறது.

4. 10 மணிக்கு நிழலுக்கு வந்துவிடுங்கள். 10 முதல் 4 மணி வரை வெயில் தோலைப் பொசுக்கும். சவுக்கு நிழலில் சாப்பாடு, மணல் வீடு, தூக்கம்.

5. மதியத்துக்கு மேல் மண்டபம் வழியாக ராமேஸ்வரம் தீவுக்குள். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி இறங்கும் கூட்டத்தைப் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். ஒரு பக்கம் ஓடும் பேருந்து, மறு பக்கம் கைப்பிடிச் சுவர், மேலே தூக்கியடிக்கும் காற்று. கையில் பிள்ளையோடு நிற்கும் இடம் அதுவல்ல. மெதுவாக ஓட்டிச் சென்றாலே ரயில் பாலம் நன்றாகத் தெரியும்.

6. 4 மணிக்குப் பிறகு ஏதாவது ஒன்று. பேக்கரும்பில் 2017இல் திறந்த அப்துல் கலாம் தேசிய நினைவகம் தரை குளிர்ந்த, நடக்க எளிதான இடம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அக்னி தீர்த்தக் கரையில் மாலையில் காலாற நடக்கலாம். பிள்ளைகளைக் குளிக்க விட அது ஏற்ற கரை இல்லை. நீராட வருகிறவர்கள் விட்டுச் செல்லும் வேட்டியும் புடவையும் தண்ணீருக்கடியில் கிடக்கும். முழங்கால் ஆழத்தில்கூடச் சின்னக் காலைச் சுற்றிக்கொண்டால் பிள்ளை விழுந்துவிடும். ஆயிரக்கணக்கானோர் மூழ்கி எழும் தண்ணீர், விளையாடும் பிள்ளையின் வாய்க்குள் போகாமலும் இருக்காது. பாதம் நனைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

## தண்ணீரில் இறங்கும் முறை

இந்த அத்தியாயத்தில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். அவசரப்பட்டு எந்தப் படியையும் தாண்ட வேண்டாம்.

1. பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அலை எங்கே உடைகிறது, படகுகள் எங்கே கட்டியிருக்கின்றன என்று பாருங்கள். படகிலிருந்து கரைக்கு வரும் நங்கூரக் கயிறு தண்ணீருக்குள் மறைந்திருக்கும். வலை பிரிக்கும் மீனவர் யாராவது இருப்பார். "அண்ணே, பிள்ளைகளை இறக்கலாமா? எந்தப் பக்கம் குழி இருக்கு?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் மறுபேச்சு வேண்டாம்.

2. காற்றைச் சோதியுங்கள். ஒரு பிடி காய்ந்த மணலைத் தோள் உயரத்திலிருந்து உதிருங்கள். கடலை நோக்கிப் பறந்தால் பந்துகூடத் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. மிதந்து போகும் பந்தை எடுக்கப் பிள்ளை பின்னாலேயே போகும்.

3. பெரியவர் ஒருவர் முதலில் நடந்து பாருங்கள். விளையாடப் போகும் இடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே போங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை, அதிர்வு பட்டதும் விலகிப் போய்விடும். மிதித்தால்தான் வாலால் குத்தும். தூண்டில் முள், கிழிந்த வலை, உடைந்த கண்ணாடி எல்லாம் இந்த நடையில்தான் தட்டுப்படும்.

4. எல்லை போடுங்கள். கரையில் இரண்டு குச்சி நட்டு, மேலே ஒரு துண்டைக் கட்டுங்கள். "இந்தக் குச்சிக்கும் அந்தக் குச்சிக்கும் நடுவுலதான்" என்று பிள்ளையையே திருப்பிச் சொல்ல வையுங்கள். தண்ணீர் மெல்லப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போகும். குச்சி இருந்தால்தான் அது தெரியும்.

5. பெரியவர் கடல் பக்கம், பிள்ளை கரைப் பக்கம். பெரும்பாலானோர் கரையில் நின்று பிள்ளையைப் பார்க்கிறார்கள். அது தலைகீழ். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் கை நீட்டினால் தொடும் தூரம். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு, அதன் தொடை அளவுத் தண்ணீர் வரைதான்.

6. காவலை வாய்விட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் பார்க்கும்போது அவர் கையில் போன் இருக்கக் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை முறை மாற்றலாம். "ஏங்க, இனி நீங்க பாத்துக்கங்க" என்றால், "சரி, நான் பாத்துக்கிறேன்" என்ற பதில் காதில் விழுந்த பிறகுதான் முதலாமவர் கண்ணை எடுக்க வேண்டும். நாலு பெரியவர்கள் இருக்கும் இடத்தில்தான் ஆபத்து அதிகம். ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

7. அரைமணிக்கு ஒருமுறை வெளியே. தண்ணீர் குடிக்க வைத்து, துடைத்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீனைத் திரும்பத் தடவ வேண்டும். உதடு நீலமாகத் தெரிந்தாலோ நடுங்கினாலோ அன்றைய குளியல் முடிந்தது.

மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவதுபோலக் கத்தாது, கை காட்டாது. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி ஏறி இறங்கும். தலை பின்னால் சாயும், முடி கண்ணை மறைக்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். சத்தம் வராது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால், ஏன் என்று யோசிக்காமல் போய்த் தூக்குங்கள்.

மணலிலும் ஒரு ஆபத்து உண்டு. பிள்ளையின் முழங்காலுக்கு மேல் ஆழமாகக் குழி தோண்ட விடாதீர்கள். பக்கச் சுவர் சரிந்து மூடினால் ஈரமணலின் கனத்திலிருந்து இழுத்து எடுப்பது மிகக் கடினம்.

## ஞாயிறு காலை: தனுஷ்கோடி, குளியல் இல்லாமல்

தனுஷ்கோடி பார்க்க வேண்டிய இடம், குளிக்க வேண்டிய இடம் அல்ல. இரு கடலும் கூடும் அரிச்சல்முனையில் நீரோட்டம் குறுக்கும் மறுக்குமாக ஓடும். மணல் திட்டின் விளிம்பு நாளுக்கு நாள் மாறும். நேற்று நின்ற இடத்தில் இன்று ஆழமாக இருக்கலாம். பிள்ளையின் கையைப் பிடித்தபடி, தண்ணீர் தொடாத மணலில் நின்று பாருங்கள்.

1. காலை 6.30க்குள் கிளம்புங்கள். நகரிலிருந்து முனை வரை இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2017இல் சாலை போட்ட பிறகு சொந்த வண்டியிலேயே முனைக்குப் போகலாம். மாலையில் சோதனைச் சாவடியில் வண்டிகளை விடமாட்டார்கள். பிற்பகலில் கூட்டமும் வெயிலும் சேரும்.

2. கழிப்பறை, தண்ணீர், பெட்ரோல் மூன்றையும் நகரிலேயே முடித்துவிடுங்கள். வழியில் மர நிழலை எதிர்பார்க்க வேண்டாம்.

3. போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான் என்பதால் இலங்கை சிக்னல் பிடிக்கும்.

4. காற்று பலமாக இருந்தால் பிள்ளைகளுக்குக் கண்ணாடி போடுங்கள். ஜூன், ஜூலையில் மணல் ஊசிபோல முகத்தில் குத்தும். சாலை மேலும் மணல் ஏறிக் கிடக்கும். இருசக்கர வண்டியில் பிள்ளையோடு அந்த மாதங்களில் போக வேண்டாம்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் இந்த ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் கடலுக்குள் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. பவளக்கல்லால் கட்டியவை. அருகில் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் பூப்பூவாக வடிவங்கள் தெரியும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள், ஆனால் ஏற விடாதீர்கள். உப்பு அரித்த சுவர், எப்போது உதிரும் என்று சொல்ல முடியாது.

அங்கே இன்னும் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. குடிசைக்குப் பக்கத்தில், இரண்டு கடலுக்கும் நடுவே, மணலைக் கையால் தோண்டி ஊற்று வைத்திருப்பார்கள். தோண்டிய பள்ளத்தின் அடியில் முதலில் மணல் கறுக்கும், பிறகு ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து சேரும். வீட்டு அம்மா ஒருவர் சிரட்டையால் மெல்ல அள்ளிக் குடத்தில் ஊற்றுவார். கலக்கினால் மணல் ஏறிவிடும் என்பதால் அவ்வளவு நிதானம். அது நல்ல தண்ணீர், உப்புக் கரிக்காது. மழைநீர் உப்புநீரைவிட லேசானது என்பதால் மணலுக்குள் மேலடுக்கில் தங்கியிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம் சொல்வதைவிட இது நன்றாகப் புரியும். கேட்டுக்கொண்டு பாருங்கள், அது அவர்களின் குடிநீர், அதில் கை விடக் கூடாது.

ஜனவரி முதல் மார்ச் வரை போனால் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்பதைப் பார்க்கலாம். சாலையிலேயே நின்று பாருங்கள். கிட்டே போனால் கூட்டமே எழுந்து பறந்துவிடும்; நெடுந்தூரம் வந்து இளைப்பாறும் பறவைகள் அவை.

ராமேஸ்வரத்தின் பெரிய கோயிலுக்குப் போக விரும்புகிறவர்கள் தனுஷ்கோடியிலிருந்து திரும்பியதும் போகலாம். 22 தீர்த்தத்தில் பெரியவர்களில் ஒருவர் மட்டும் நீராடட்டும். மற்றவர் பிள்ளைகளோடு காய்ந்த பிராகாரத்தில் இருக்கட்டும். ஈரக் கற்தளத்தில் ஓடும் பிள்ளை வழுக்கி விழாமல் இருப்பது அரிது.

## சாப்பாடு

தீவில் சைவ உணவகங்கள் நிறைய. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மண்டபமும் பாம்பனும் நல்ல இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் கூடும். வெயிலில் விரித்து வைத்த மீனைக் காட்டி வறுத்துத் தரும் கடைகளில் பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள். நண்டும் இறாலும் இதுவரை சாப்பிட்டே இராத பிள்ளைக்கு, மருத்துவமனை தூரமாக இருக்கும் இடத்தில் முதல்முறை கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

## ஏதாவது நடந்துவிட்டால்

சொறிமீன் பட்டால்: கடல் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் வேண்டாம், மணல் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். இரண்டுமே கொட்டுவதை அதிகமாக்கும். ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, பிளாஸ்க் வெந்நீரைப் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி அந்த இடத்தில் ஒத்தடம் கொடுங்கள். சூட்டை முதலில் உங்கள் முழங்கையில் சோதித்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறல், வாந்தி, முகவீக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை.

திருக்கை குத்தினால்: அதே வெந்நீரில் காலை வைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முள் உள்ளே ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள்.

நீரோட்ட இழுப்பில் பெரியவர் சிக்கினால்: கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். இழுப்பு தளர்ந்ததும் கரைக்குப் பக்கவாட்டாக நீந்தி வெளியே வாருங்கள். காப்பாற்றப் போகிறவர் வெறுங்கையோடு பாயாமல் கயிறு, காலி கேன், மிதவை எதையாவது வீச வேண்டும்.

பிள்ளை மூழ்கி மூச்சில்லாமல் இருந்தால்: தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் வேண்டாம். பொன்னான நிமிடங்கள் அதில் போய்விடும். மல்லாந்து படுக்க வைத்து, தாடையை லேசாக உயர்த்தி, முதலில் ஐந்து முறை வாயோடு வாய் மூச்சு கொடுங்கள். அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றி மாற்றி, உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். இன்னொருவர் அதே நேரத்தில் 108ஐ அழைக்க வேண்டும். படித்துத் தெரிந்துகொள்வது போதாது. பயணத்துக்கு முன் முதலுதவி வகுப்பில் ஒருமுறை பொம்மையில் அழுத்திப் பழகுங்கள்.

கடலுக்குள் யாராவது அடித்துச் செல்லப்பட்டால் கடலோரக் காவல்படை எண் 1554. தீவில் ராமேஸ்வரம் அரசு மருத்துவமனை; பெரிய சிகிச்சைக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

## எடுத்து வரக் கூடாதவை

பிள்ளைகள் கரையில் எதைக் கண்டாலும் பைக்குள் போடும். காலிச் சிப்பி ஒன்றிரண்டு பரவாயில்லை. பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் எடுக்கவோ வாங்கவோ கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கென்று 2022இல் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. அந்தக் கடற்பசு மேய்வது அரியமான் போன்ற கரைகளுக்கு எதிரே, தண்ணீருக்கடியில் வளரும் கடற்புல்லில். கரை ஒதுங்கும் பச்சை நாடா போன்ற இலையை எடுத்துப் பிள்ளையிடம் காட்டிச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையைக் கரையில் விடக் கூடாது என்பதை அதற்குப் பிறகு தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

## திரும்பும் வழி

1. மதியம் 2 மணிக்குள் கிளம்புங்கள். இருட்டில் இருவழிச் சாலையில், களைத்த கண்ணோடு ஓட்டுவது வேண்டாம்.
2. கிளம்பும் முன் பிள்ளைகளை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதுமடல், தொடையிடுக்கு, விரலிடுக்கு மூன்றிலும் மணலைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள்.
3. பரமக்குடியில் ஒரு தேநீர் நிறுத்தம். ஓட்டுகிறவர் மாறிக்கொள்ளலாம்.
4. தண்ணீரில் திணறி இருமிய பிள்ளை இருந்தால், அது சரியாகிவிட்டதுபோல் தெரிந்தாலும் அன்றிரவு கவனியுங்கள். இருமல் நிற்காமலிருந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடலில் தண்ணீர் குடித்தது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.